ஏறுவதும் வெளிக்கிடுவதும்

உயிலங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ அந்த ஆசிரியரின் பெயரை மேடையிலும் அச்சிலும் சொல்ல வேண்டாம் என்று அவருடைய குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள். அந்த விருப்பத்தை மதித்து, ‘சேர்’ என்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

சேரிடம் நான் ஆங்கிலம் படித்தேன். ஒருமுறை மடுத் திருவிழாவுக்குப் போன கதையைக் கட்டுரையாக எழுதச் சொன்னார். நாங்கள் போனது உழவு இயந்திரத்தின் பெட்டியில். புதிதாகப் படித்த சொல்லொன்றை எங்காவது போட்டுவிட வேண்டும் என்ற ஆசையில், ‘எம்பார்க்’ என்ற வினையை அதில் எழுதிவிட்டேன். விடியப்புறம் வெளிக்கிட்டோம் என்பதைச் சொல்ல எனக்கு அந்தச் சொல்தான் கம்பீரமாகத் தெரிந்தது. கொப்பி திரும்பி வந்தபோது சிவப்பு மையில் வெட்டு எதுவும் இல்லை. ஓரத்தில் சிறிய வள்ளம் ஒன்றைக் கீறி, அதன் கீழே ‘தண்ணி எங்கே?’ என்று எழுதியிருந்தார். இன்று நான் பேசப்போவது முழுவதும் அந்தக் கேள்விக்கு நான் எழுதும் பிந்திய விடைதான்.

எம்பார்க் என்ற சொல்லுக்குள் ஒரு படகு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து அது ஆங்கிலத்துக்குள் வந்தது. பிரெஞ்சில் ‘எம்பார்க்கே’. ‘எம்’ என்றால் உள்ளே, ‘பார்க்’ என்றால் படகு. படகுக்குள் ஆகு, அவ்வளவுதான். அந்தப் ‘பார்க்’ பிற்கால இலத்தீனின் ‘பார்க்கா’விலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் போனால் கிரேக்கத்தில் ‘பாரிஸ்’ என்ற சொல் நிற்கிறது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரும் ஏற்கும் கருத்து. நைல் நதியில் எகிப்தியர் ஓட்டிய சரக்குப் படகைக் கிரேக்கர் அப்படி அழைத்தார்கள். அந்தச் சொல்லையும் எகிப்தியரிடமிருந்தே எடுத்தார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அந்தப் படகு கட்டும் முறையைப் பார்த்து எழுதிவைத்தார். குறுகிய பலகைகளைச் செங்கல் அடுக்குவதுபோல அடுக்கிக் கட்டுவார்கள் என்ற அந்த விவரணையை வைத்துக்கொண்டு அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்காக வாதாடினார்கள். கடைசியில் எகிப்தின் கடலோரத்தில் தோனிஸ்-ஹெராக்கிலியோன் என்ற மூழ்கிய துறையில், அவர் சொன்னதற்கு மிக நெருங்கிய அமைப்பில் ஒரு படகு கிடைத்தது. அதைப் பற்றிய ஆய்வு 2019இல் நூலாக வந்தது. நைல் நதியின் ஒரு சரக்குப் படகு கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு என்று மொழி மொழியாகத் துழாவி வந்து, உயிலங்குளத்துப் பிள்ளை ஒருவனின் கொப்பி ஓரத்தில் நின்றது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். ‘எம்பார்கோ’ என்ற சொல்லையும் இதன் உறவென்று எண்ணிவிடாதீர்கள். முகம் ஒன்றுபோல இருக்கும், தாய் வேறு. அது ஸ்பானிய மொழியில் தடுத்து வைத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது படகு அல்ல, குறுக்கே போட்ட கட்டை. 1990களில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். பொருளாதாரத் தடை என்று நாம் சொன்னதை ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தச் சொல்லால்தான் எழுதின. ஒரு சொல் படகுக்குள் ஏறச் சொல்கிறது. மற்றது வழியில் கட்டை போடுகிறது. எழுத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு மயிரிழைதான்.

இனி நம்முடைய சொல்லுக்கு வருகிறேன். தமிழகத்தார் ‘கிளம்பு’ என்பார்கள். அதில் எழும்புதல் இருக்கிறது; புழுதி கிளம்புவதுபோல, பறவை கிளம்புவதுபோல. ஏட்டுத் தமிழில் ‘புறப்படு’. புறம் என்றால் வெளி, வெளிப்பக்கம் ஆதல். நம்முடைய வாயில் எப்போதும் இருப்பது ‘வெளிக்கிடு’. வெளிக்கு இடு என்று பிரித்துப் பாருங்கள். என்னை நானே வெளிக்குப் போடுகிறேன். இந்தச் சொல்லில் படகு இல்லை, வண்டி இல்லை, போகும் ஊர் இல்லை. இருப்பது ஒரு வீடு, ஒரு வாசல், ஒரு படலை. ‘எம்பார்க்’ என்பவன் கரையில் நின்று படகைப் பார்த்துக்கொண்டு பேசுகிறான். ‘வெளிக்கிடு’ என்பவள் திண்ணையில் நின்று பேசுகிறாள். அவளுக்கு முதுகுப் பக்கத்தில் அடுப்பு இன்னும் அணையவில்லை.

நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். பயணம் தொடங்குவதைக் குறிக்கும் வினைச்சொல், பேசுகிறவர் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிக்கிடுவதற்கு இன்னொரு பொருளும் நம்மிடம் உண்டு, தமிழகத்தார் கேட்டால் திகைப்பார்கள். உடுத்திச் சீவி ஆயத்தமாவதும் வெளிக்கிடுவதுதான். ‘வெளிக்கிட்டாச்சோ?’ என்று கேட்டால், கிளம்பிவிட்டாயா என்றும் பொருள். உடுப்பு மாற்றிவிட்டாயா என்றும் பொருள். வாசல் தாண்டுவதற்கு முன்பே, கண்ணாடிக்கு முன்னால் பயணம் தொடங்கிவிடுகிறது. அதன் பிறவினை ‘வெளிக்கிடுத்து’. ‘பிள்ளையை வெளிக்கிடுத்தி விடு’ என்றால் முகம் கழுவி, பவுடர் பூசி, சட்டை போட்டுவிடு என்று அர்த்தம்.

எம்பார்க்கும் பிறவினையாக வரும். படையை, குதிரையை, கூலிக்குப் பிடித்த ஆட்களைக் கப்பலில் ஏற்றுவதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் சொல்லலாம். இரண்டு பிறவினைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவரை வெளிக்கிடுத்துவது என்றால் தலை சீவிவிடுவது. ஒருவரை எம்பார்க் செய்வது என்றால் எண்ணி ஏற்றுவது. இது அந்த மொழியின் குற்றம் என்று சொல்லமாட்டேன். கப்பலை வைத்துப் பிறந்த சொல் சரக்கையும் மனிதரையும் ஒரே பலகையால் ஏற்றத்தான் செய்யும். ஆனால் அந்தப் பலகையில் ஏறியவர்கள் நம்முடைய சனம் என்பதால் எனக்கு அந்த வேறுபாடு சிறியதாகத் தெரியவில்லை.

நெல் விளையும் ஊரில் நின்று கப்பலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். உயிலங்குளத்துக்கு அலைச்சத்தம் கேட்காது. ஆனால் மன்னாரிலிருந்து மதவாச்சி போகும் வீதி இந்த ஊருக்கூடாகத்தான் போகிறது. கடலில் இறங்கியவர்களும் கடலிலிருந்து ஏறியவர்களும் இந்தத் திசையில்தான் நடந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து தோணிகளில் வந்தவர்கள் இந்தக் கரையோரம் இறங்கி, காட்டுப் பாதையால் தெற்கு நோக்கி நடந்தார்கள். மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று போகும் அந்த வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். பெண்களும் கைக்குழந்தைகளும் அதில் இருந்தார்கள். பெண்ணோடு கடற்பயணம் செய்யும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் விதி சொல்கிறது. பஞ்சத்துக்கு இலக்கணம் தெரியாது. பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போகவேண்டிய தோட்டத்துக்குரிய இலக்கம் பொறித்த தகர வில்லையைத் தொழிலாளர் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். வீட்டில் தாய் வெளிக்கிடுத்திய பிள்ளையின் கழுத்தில், கங்காணி போட்டுவிட்ட கடைசி நகை அது.

தொல்காப்பியத்தைத் தொட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்று காசு கரைவதை ‘செலவு’ என்கிறோம். பழந்தமிழில் செலவு என்றால் செல்லுதல், பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகாமல் தயங்கி நிற்பதற்குச் ‘செலவழுங்குதல்’ என்று ஒரு தனிப் பெயரே இருந்தது. புறப்படாமல் விடுவதற்கு ஒரு கலைச்சொல் வைத்திருந்த மொழி நம்முடையது. எம்பார்க்குக்கு எதிர்ச்சொல் ஆங்கிலத்தில் உண்டு, அது இறங்குவது. ஏறாமலே நின்றுவிடுவதற்கு அங்கே இப்படி ஒரு சொல்லை நான் இன்னும் சந்திக்கவில்லை.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வரும்வரை இந்தக் கரையில் இருந்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம், ஒவ்வொரு நாளும் துறையில் ‘எம்பார்க்கார்’ என்ற சொல்லை நம்முடைய ஆட்கள் கேட்டிருப்பார்கள். ஆங்கிலச் சொல்லின் உடன்பிறப்பு அது. ஆனால் அந்தச் சொல் நம்முடைய வாயில் ஒட்டவில்லை. ஒட்டியவற்றைப் பாருங்கள்: கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி, கோப்பை, பாண், சப்பாத்து, லேஞ்சி. எல்லாம் வீட்டுக்குள் இருப்பவை. மறுபுறம் அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துப்போன சொற்களில் ஒன்று தோணி. ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்தது கட்டுமரம். 1697இல் அச்சான ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலிலேயே அது இருக்கிறது. அவர்கள் நமக்கு வீட்டுச் சாமான்களைத் தந்தார்கள், நாம் அவர்களுக்குப் படகுகளைக் கொடுத்தோம். கடலில் ஏறுவதற்கு வேற்று மொழியில் சொல் தேடவேண்டிய தேவை இந்தக் கரையாருக்கு இருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். மாதோட்டத்தில் மரக்கலங்கள் வந்து நின்ற காலம் அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. 1980களில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் அங்கே தோண்டியபோது சீனத்துப் பீங்கான்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் மண்ணிலிருந்து எழுந்து வந்தன.

கடற்றொழில் செய்பவர்களின் பேச்சைக் கவனித்தால் இன்னும் நுட்பம் தெரியும். பேசாலையிலோ வங்காலையிலோ ஒரு வீட்டில் போய் ‘அவர் எங்கே?’ என்று கேட்டால், ‘தொழிலுக்குப் போட்டார்’ என்பார்கள். கடலுக்கு என்று சொல்வதே குறைவு. சோளகம் எழும்பிவிட்டதா, கச்சான் அடிக்குதா, வாடை தணிந்ததா என்பதுதான் அவர்களுக்குப் புறப்பாட்டின் இலக்கணம். அரிப்பில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், நடுச்சாமத்தை ஒட்டிப் பீரங்கி வெடித்ததும், தரைக்காற்றைப் பாயில் பிடித்துக்கொண்டு படகுகள் ஒன்றாக வெளிக்கிடும். விடியும்போது முத்துப்பார்களில் நிற்கும். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ கரையில் நின்று ஓதாவிட்டால் குளிகாரர் ஏறமாட்டார்கள் என்று பிரித்தானிய அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். 1907க்குப் பிறகு அந்தப் பெரிய குளிப்புகள் நின்றுபோயின.

மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட ஆசிரியர்கள் இங்கே இருப்பதால் ஒரு தொழில் விஷயம். ஆங்கிலத்தில் எம்பார்க், கடலைவிட்டுக் கரைக்கு வந்து வெகுநாள். புதிய திட்டத்தை, படிப்பை, வியாபாரத்தைத் தொடங்குவதற்கும் அதைச் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அந்த வழக்கு நிலைபெற்றுவிட்டது. தமிழில் அதற்கு என்ன சொல்கிறோம்? முயற்சியில் ‘இறங்கினார்’ என்கிறோம். வெள்ளைக்காரர் ஏறுகிற இடத்தில் நாம் இறங்குகிறோம்! எனக்கு இதில் உள்ள அழகு சொல்லி மாளாது. வயலுக்குள் இறங்குவது, குளத்துக்குள் இறங்குவது, சேற்றில் காலை வைப்பது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த சனத்துக்கு ஒரு காரியத்தைத் தொடங்குவது என்றால் முழங்கால்வரை நனைவது. ‘வீடு கட்ட வெளிக்கிட்டான்’ என்றும் சொல்வோம். ஆனால் அதில் சிலவேளை ஒரு கண்டிப்பு ஒளிந்திருக்கும்: ‘எனக்குப் புத்தி சொல்ல வெளிக்கிட்டிட்டாய்!’ ஆகவே பிள்ளைகளே, எம்பார்க்குக்கு அகராதியில் ஒரே ஒரு தமிழ்ச்சொல் போட்டிருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஏறு, இறங்கு, வெளிக்கிடு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, வசனத்தில் தண்ணீர் இருக்கிறதா, சேறு இருக்கிறதா, வாசல் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

ஏறு என்பதற்கும் ஒரு பிறவினை உண்டு. மூட்டையை ஏற்று. அதோடு ‘விடு’ என்ற துணைவினையைச் சேர்த்துப் பாருங்கள்: மகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். மூட்டைக்குரிய சொல் ஒரு நொடியில் தகப்பனுடைய சொல்லாகிவிடுகிறது. கை காட்டி முடிந்து, புழுதி அடங்கும்வரை வீதியோரம் நிற்கும் ஒரு மனிதர் அந்த ‘விட்டு’க்குள் இருக்கிறார்.

தலைமன்னார் இறங்குதுறை எத்தனை பேரை ஏற்றியது, எத்தனை பேரை ஏற்றிவிட்டது! 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது, சென்னையில் ஒரு பயணச்சீட்டு எடுத்தால் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்புவரை வரலாம். ஐம்பது வருடம் கழித்து, 1964 ஒக்ரோபர் 30இல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இங்கே வைத்திருப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அடித்துப்போனது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. மலையகத்திலிருந்து அந்தக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுவந்த ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. பிறந்த லயத்திலிருந்து வெளிக்கிட்டு, பார்த்தே இராத ‘தாய்நாட்டுக்கு’ அவர்கள் ஏறினார்கள். 1980களில் கப்பலும் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. 2015 மார்ச்சில்தான் மீண்டும் தலைமன்னார்வரை ரயில் வந்தது.

1990ஐப் பற்றிப் பேசாமல் இந்தச் சொல்லை முடிக்கமுடியாது. அந்த வருடம் ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். அதை நாம் ‘வெளியேற்றம்’ என்கிறோம். இன்று நான் பிரித்துக் காட்டிய இரண்டு சொற்களும் அந்த ஒரு சொல்லில் வந்து முட்டுகின்றன: வெளி, ஏற்று. வெளிக்கிடும்போது நானே என்னை வெளிக்குப் போடுகிறேன். வெளியேற்றும்போது என்னை இன்னொருவர் தூக்கிப் போடுகிறார். பக்கத்து வீட்டாரை மூட்டைபோல ஏற்றிய அந்த நாட்களில் நம்மில் பலர் படலைக்குள் நின்றோம். ‘ஏற்றிவிட’க் கரைவரை போனவர்கள் இருந்தார்கள் என்று கேள்விப்படும்போது மட்டும் எனக்கு மூச்சு வருகிறது. ‘இடம்பெயர்ந்தோம்’ என்ற நம்முடைய பொதுச்சொல்லும் எனக்கு முழுதாகப் பிடிப்பதில்லை. ஏதோ நாமே பார்த்துப் பெயர்ந்ததுபோல அதன் இலக்கணம் அமைந்துவிட்டது.

இந்த ஊர் வீதியிலேயே ஏறுவதும் இறங்குவதும் வேறு பொருள் பெற்ற காலம் ஒன்றும் உண்டு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தானபின் உயிலங்குளச் சோதனைச்சாவடியால் கடந்தவர்களுக்குத் தெரியும். வாகனத்தால் இறங்கு, பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, நட, அந்தப் பக்கம் போய் ஏறு. தண்ணீர் இல்லாத துறைமுகம். சேர் அன்று ‘தண்ணி எங்கே?’ என்று கேட்டதற்கு நான் அந்த வரிசையில் நின்றபோது ஒரு விடை கிடைத்தது: கடக்கவேண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீர் இருக்கும்.

எதிர்க்கரையின் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் ‘அரைவ்’ என்ற வினைக்கு இலத்தீனில் ‘கரைக்கு’ என்பதே வேர். வந்துசேர்தல் எல்லாம் ஒரு காலத்தில் கரைசேர்தல்தான். தமிழில் படகிலும் ஏறுகிறோம், படகைவிட்டுக் கரையிலும் ஏறுகிறோம். போருக்குத் தப்பி எதிர்க்கரையின் அரிச்சல்முனைக்குப் போன படகுகள் எல்லாம் கரையேறவில்லை. நடுவிலுள்ள மணல் தீடைகளில் படகோட்டி இறக்கிவிட்டுப் போக, ஏறுவதற்கும் கரை இல்லாமல் இறங்குவதற்கும் படகு இல்லாமல் வெயிலில் நின்ற குடும்பங்களின் கதை 1990களோடு முடிந்தது என்று நினைத்திருந்தோம். 2022 மார்ச்சில், பால்மாவும் எரிபொருளும் இல்லாத நாட்களில், மன்னாரிலிருந்து போனவர்கள் மீண்டும் அந்தத் திட்டொன்றில் நின்றார்கள்.

சேரும் 1990இல் ஒரு படகில் ஏறினார். சின்னப் பிள்ளைகளை வெளிக்கிடுத்தும்போது, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டுவிட்டதாக அவருடைய மனைவி பிற்காலத்தில் சொன்னார். பையில் இடம் இல்லை, பிள்ளைகளின் உடம்பில் இடம் இருந்தது. எட்டு மாதம் கழித்து எதிர்க்கரையின் மண்டபம் அகதி முகாமிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்கு ஆங்கிலத்தில் எழுதித்தான் அவருக்குப் பழக்கம். அந்தக் கடிதம் தமிழில் இருந்தது. கடலைப் பற்றியோ படகைப் பற்றியோ இராணுவத்தைப் பற்றியோ ஒரு வரி இல்லை. பிள்ளைகள் சுகம் என்று எழுதியிருந்தார். பிறகு, ‘வெளிக்கிடும்போது படலையைக் கட்டாமல் வந்துவிட்டேன். மாடு உள்ளே போய்விடும். ஒருக்கால் போய்ப் பார்’ என்று எழுதியிருந்தார்.

நான் போய்ப் பார்த்தேன். படலை இருக்கவில்லை. தூண்கள் இரண்டும் நின்றன. வீட்டிலிருந்து எடுத்துப்போன கயிற்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு, கட்டிவிட்டேன் என்று அன்றிரவே அவருக்கு எழுதினேன்.